பனிக்கட்டி பிடித்தால் ஏன் விடுவதில்லை?

நோட்டன் பிரிட்ஜில் வாழ்பவர்களுக்கு மழையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் எங்கள் பகுதியும் ஒன்று. அந்த மழையை நம்பித்தான் காசல்ரீ நீர்த்தேக்கம் நிரம்புகிறது. அந்த நீரில்தான் விமலசுரேந்திர மின்நிலையமும், அதற்குக் கீழே லக்ஷபான மின்நிலையமும் ஓடுகின்றன. மழை, மூடுபனி, சேறு, அட்டை எல்லாம் எங்களுக்குப் பழகிப் போனவை. ஆனால் பனிக்கட்டி என்றால் மட்டும், "அது லண்டன், கனடா விஷயம்" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

உண்மையில் அது அவ்வளவு தூரத்தில் இல்லை. தை மாதக் குளிரில் நுவரெலியா பக்கம் போனால், விடியற்காலையில் தேயிலைக் கொழுந்தின் மேல் வெள்ளைத் துகள் பனி படிந்திருப்பதைப் பார்க்கலாம். நம் வீட்டு ஃபிரிஜ்ஜைத் திறந்தால், மீன் பார்சல் தட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுப்பதைப் பார்க்கலாம். மூன்றாவது இடம் நம் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. இலங்கை வானில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டினால் எந்த நாளும் உறைநிலைதான். பாவா ஆதம் மலையின் உச்சி 2,243 மீட்டர். அதைப் போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே போனால் தண்ணீர் உறையும் உலகம் தொடங்கிவிடுகிறது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் வேலைக்கும் பறக்கிற நம்மவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

விமானம் என்றதும் எங்கள் ஊரில் ஒரு தேதி நினைவுக்கு வராமல் போகாது. 1974 டிசம்பர் 4. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு, கொழும்பு வழியாக ஜித்தா செல்லவிருந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், இரவு நேரத்தில் சப்த கன்னி மலையில் மோதியது. பயணிகள் 182 பேரும் பணியாளர்கள் 9 பேரும், மொத்தம் 191 பேர் மரணித்தார்கள். அந்த விபத்துக்குப் பனிக்கட்டி காரணமல்ல. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, மலை இருக்கும் இடத்தில் கீழே இறங்கியதே காரணம். ஆனாலும், வானத்தில் ஒரு சிறு பிழை எத்தனை உயிர்களைக் கேட்கும் என்பதை அந்த மலை எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறது. பனிக்கட்டி ஒட்டுவது அப்படியொரு சிறு விஷயமாகத் தொடங்கி, உலகின் வேறு இடங்களில் பெரும் உயிர்ச்சேதத்தில் முடிந்திருக்கிறது.

ஒட்டுவது எப்படி?

பசை எப்படி ஒட்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் நீராக ஓடி, மேடு பள்ளங்களுக்குள் நுழைகிறது. பிறகு இறுகுகிறது. தண்ணீரும் இதையேதான் செய்கிறது. நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் அலுமினியத் தட்டும் நுண்ணோக்கியில் பார்த்தால் உழுத நிலம் போல இருக்கும். அந்தச் சால்களுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். உறையும்போது தண்ணீரின் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. உள்ளே புகுந்தது பெருத்து இறுகினால், வேர் பிடித்தது மாதிரிதான். இது பனிக்கட்டியின் முதல் பிடி.

இரண்டாவது பிடி மூலக்கூறுகளுடையது. தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர்மின்னும், மறுபக்கம் சற்று எதிர்மின்னும் கொண்டது. உலோகம், கண்ணாடி, கல் போன்றவற்றின் மேற்பரப்பில் இந்த மின்னேற்றங்களுக்கு எதிர்ப்பக்கம் கிடைத்துவிடுகிறது. ஒவ்வோர் இழுப்பும் மிக மெல்லியது. கோடிக்கணக்கில் சேரும்போது அதுவே இரும்புப் பிடியாகிறது. தண்ணீர் நன்றாகப் பரவி ஒட்டும் பரப்பில் பனிக்கட்டியும் நன்றாக ஒட்டும். மெழுகு, டெஃப்லான் போலத் தண்ணீரை விரும்பாத பரப்பில் பிடி குறையும்.

மூன்றாவது விஷயம் குளிரின் அளவு. உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் பனிக்கட்டியின் மேல்தோல் முழுமையாக இறுகியிருப்பதில்லை. தண்ணீர் போன்ற மிக மெல்லிய படலம் ஒன்று அதன்மேல் இருக்கும். கோப்பையில் போட்ட இரண்டு ஐஸ் கட்டிகள் தொட்டவுடன் ஒட்டிக்கொள்வதைக் கவனித்து, 1850ஆம் ஆண்டளவில் இதைப் பற்றி முதலில் பேசியவர் மைக்கேல் ஃபரடே. இந்தப் படலம் இருக்கும்வரை பனிக்கட்டி கொஞ்சம் வழுக்கும். குளிர் கூடக் கூடப் படலம் மெலியும், பிடி இறுகும். ஃபிரீஸரிலிருந்து அப்போதுதான் எடுத்த தட்டு பிடிவாதம் பிடிப்பதும், ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் தானாக வழிக்கு வருவதும் இதனால்தான்.

பிடியின் கணக்கு

இந்தப் பிடியை அளக்க ஆய்வுகூடங்களில் ஒரு பரப்பின் மேல் பனிக்கட்டியை உறையவைத்து, பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கிறார்கள். சாதாரண உலோகத்தில் ஆயிரம் கிலோபாஸ்கல் வரையும், சில வேளை அதற்கு மேலும் தேவைப்படுகிறது. இதை நம் மொழியில் சொன்னால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோ. உள்ளங்கை அளவு, அதாவது 100 சதுர சென்டிமீட்டர் பனிக்கட்டியைத் தள்ளிப் பெயர்க்க ஒரு டன் பாரம் வேண்டும்.

இந்த அளவு 100 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால்தான் அந்தப் பரப்பைப் பனிக்கட்டி ஒட்டாத பரப்பு என்று ஆய்வாளர்கள் மதிக்கிறார்கள். 20க்குக் கீழே வந்துவிட்டால் காற்றும் அதிர்வும் போதும், பனிக்கட்டி தானாகவே உதிர்ந்துவிடும். ஆயிரத்திலிருந்து இருபதுக்கு இறங்குவது எப்படி என்பதுதான் இந்தத் துறையின் முழுப் போராட்டமும்.

ஒட்டினால் என்ன நடக்கும்?

எங்கள் மலைகளின் மேல் மின்கம்பிகள் போவதைப் பாருங்கள். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வழிந்து போய்விடும். இதே போல் நீர்மின்சாரத்தை நம்பி வாழும் இன்னொரு இடம் கனடாவின் கியூபெக் மாகாணம். 1998 ஜனவரி 5 முதல் அங்கே நாட்கணக்கில் மழை பெய்தது. ஆனால் அது விழுந்தவுடன் உறையும் மழை. கம்பியைத் தொட்ட ஒவ்வொரு துளியும் அங்கேயே ஒட்டி, அடுத்த துளிக்கு இடம் கொடுத்தது. கம்பிகள் கை பருமனுக்கு வீங்கின. பாரம் தாங்காமல் ஏறத்தாழ 1,000 உருக்குக் கோபுரங்கள் சரிந்தன. மொன்றியல் நகரமும் சுற்றுவட்டாரமும் நடுக்குளிர்காலத்தில் இருளில் மூழ்கின. சில இடங்களில் மின்சாரம் திரும்பி வர வாரங்கள் ஆயின. அங்கே குடியேறியிருந்த இலங்கைத் தமிழ் பேசும் குடும்பங்களிடம் கேட்டால் அந்த நாட்களின் கதையைச் சொல்வார்கள். நம் ஊரில் அணையை நிரப்புகிற அதே மழை, வெப்பநிலை சில பாகை குறைந்ததால் ஒரு மாகாணத்தையே முடக்கியது.

விமானத்தில் பாரத்தை விட வடிவமே பிரச்சினை. மேகத்துக்குள் இருக்கும் நுண்துளிகள் பூச்சியத்துக்குக் கீழே போன பிறகும் உறையாமல் திரவமாகவே மிதக்கக்கூடியவை. விமானத்தின் இறக்கை வந்து மோதியதும் அந்தக் கணமே உறைந்து ஒட்டிக்கொள்ளும். சாண்ட் பேப்பர் அளவு சொரசொரப்பு இறக்கையின் முன்விளிம்பில் ஏறினாலே, விமானத்தைத் தூக்கும் விசை 30 சதவீதம் வரை குறையலாம், பின்னுக்கு இழுக்கும் விசை 40 சதவீதம் வரை கூடலாம் என்பது விமானிகளுக்குச் சொல்லப்படும் பாடம்.

1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எயார் ஃபுளோரிடாவின் போயிங் 737 ஒன்று, பனி நீக்கிய பிறகு புறப்படுவதற்காக நீண்ட நேரம் காத்திருந்தது. இறக்கையில் மீண்டும் பனி ஏறியது. திரும்பிப் போய் இன்னொரு முறை சுத்தம் செய்திருக்கலாம். செய்யவில்லை. எஞ்சினுக்கான பனித்தடுப்பு முறையும் இயக்கப்படவில்லை. எழும்பிய சில நொடிகளில் விமானம் பாலத்தில் மோதி பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் உயிரிழந்தார்கள்.

இன்னொன்று வெப்ப வலயத்தில் நடந்தது. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற எயார் பிரான்ஸ் 447, அத்திலாந்திக் கடலின் மேல் பெரும் இடிமேகங்களுக்குள் புகுந்தது. வேகத்தை அளக்கும் சிறு குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. அடைப்பு நீடித்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்தத் தடுமாற்றத்தில் விமானிகள் செய்த பிழைகளால் 228 பேர் போனார்கள். கீழே கடல் வெதுவெதுப்பாக இருந்தாலும் மேலே பனிக்கட்டி காத்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிடியைத் தளர்த்தும் வழிகள்

பழைய வழிகள் மூன்று. முதலாவது சூடு. ஜெட் விமானங்களில் எஞ்சினிலிருந்து எடுக்கும் சூடான காற்றை இறக்கையின் முன்விளிம்புக்குள் செலுத்துகிறார்கள். கியூபெக்கில் அந்தப் புயலுக்குப் பிறகு, லெவி துணைமின்நிலையத்திலிருந்து கம்பிகளில் அதிகளவு நேரோட்ட மின்சாரத்தைப் பாய்ச்சி, கம்பியைச் சூடாக்கிப் பனியை உருக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள்.

இரண்டாவது மருந்து. குளிர்காலத்தில் ஐரோப்பாவிலோ கனடாவிலோ விமானம் ஏறியவர்கள் பார்த்திருப்பார்கள். பெரிய வண்டிகள் வந்து முதலில் செம்மஞ்சள் நிறத் திரவத்தையும், பிறகு பச்சை நிறத் திரவத்தையும் இறக்கையில் அடிக்கும். முதலாவது சூடாக்கிய கிளைகோல் கலவை. அது ஒட்டியிருப்பதை உருக்கிக் கழுவும். இரண்டாவது கஞ்சி போல் தடித்தது. அது இறக்கையின் மேல் படர்ந்து, புதிதாக விழும் பனி உலோகத்தைத் தொடாமல் தடுக்கும். விமானம் ஓடி வேகம் எடுக்கும்போது காற்றோடு வழிந்து போய்விடும். இந்தக் காப்புக்கு ஒரு கால அளவு உண்டு. அது கடந்தால் மறுபடி அடிக்க வேண்டும். வாஷிங்டனில் தவறவிட்ட பாடம் இதுதான்.

மூன்றாவது வழி முறிப்பது. சிறிய விமானங்களின் இறக்கை விளிம்பில் ரப்பர் உறை போட்டிருப்பார்கள். பனி படிந்ததும் அதற்குள் காற்றடிப்பார்கள். ரப்பர் உப்பும், பனிக்கட்டி வளையத் தெரியாமல் உடைந்து விழும். வீட்டில் ஐஸ் தட்டை முறுக்கினால் கட்டிகள் 'பட் பட்'டென்று கழன்று வருவதும் இதே சூத்திரம்தான். நேராக இழுத்தால் ஒட்டிய பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் வெல்ல வேண்டும். ஓரத்தில் ஒரு விரிசலைத் தொடங்கி வைத்தால், அந்த விரிசலே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

புதிய வழிகளுக்கு ஆய்வாளர்கள் இலைகளிடம் போனார்கள். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் பழமொழியாகவே சொல்கிறோம். அந்த இலையின் மேல் நுண்ணிய முகடுகளும் மெழுகும் உண்டு. முகடுகளுக்கிடையே காற்று தங்குவதால் துளி உருண்டு ஓடிவிடும். இதைப் பார்த்துச் செய்த பரப்புகளில் துளி உறைவதற்கு முன்பே துள்ளி ஓடியது. பெரிய வெற்றி என்றுதான் நினைத்தார்கள். ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் கதை மாறியது. மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கிருபா வாரணாசியின் குழு 2010இல் காட்டியபடி, ஈரம் ஆவியாக வந்து முகடுகளுக்கு உள்ளேயே துகள் பனியாகப் படிந்துவிடுகிறது. பிறகு அந்த முகடுகளே பனிக்கட்டிக்குப் பிடிமானம் ஆகின்றன. ஒட்டாமல் இருக்கச் செய்தது, அதிகமாக ஒட்டச் செய்தது.

அடுத்த பாடத்தைத் தந்தது குடுவைத் தாவரம். இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளரும் ஒரு வகை நம் ஈரவலயத்தில் உண்டு. சிங்களத்தில் 'பந்துர' என்பார்கள். இவ்வகைத் தாவரங்களின் குடுவை விளிம்பு ஈரப் படலத்தால் எப்போதும் வழுக்கும். வந்து உட்காரும் பூச்சி கால் ஊன்ற முடியாமல் உள்ளே விழும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோஆனா ஐசன்பெர்க் குழு 2011இல் இதே முறையில் ஒரு பரப்பைச் செய்தது. நுண்துளைகளுக்குள் எண்ணெய் போன்ற திரவத்தைத் தேக்கி வைத்தார்கள். பனிக்கட்டி திடப்பொருளைத் தொடவே இல்லை, எண்ணெயைத்தான் தொட்டது. பிடி 20 கிலோபாஸ்கலுக்கும் கீழே இறங்கியது. குறை என்னவென்றால், பனி விழும்போதெல்லாம் கொஞ்சம் எண்ணெயையும் கொண்டு போய்விடும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அனீஷ் டுட்டேஜா குழு 2016இல் ரப்பர் பக்கம் திரும்பியது. மென்மையான ரப்பர் பூச்சு வளையும், பனிக்கட்டி வளையாது. இரண்டுக்கும் நடுவே விரிசல் விழுந்து பனி கழன்றுவிடும். 2019இல் அதே குழு, பெரிய பரப்புகளில் விரிசல் எளிதாக ஓடும்படியான பூச்சுகளைக் காட்டியது. அப்படிப்பட்ட பரப்பில் பனித்தகடு எவ்வளவு பெரிதானாலும் அதைக் கழற்றத் தேவையான பலம் கூடுவதில்லை. விமானத்துக்கும் காற்றாலைக்கும் இது முக்கியமான செய்தி. மழை, வெயில், மணல் எல்லாவற்றையும் பல வருடம் தாங்கும் பூச்சுதான் இன்னும் கைக்கு வரவேண்டியது.

கொழுந்தின் மேல் விழும் வெள்ளை

இப்போது மலைக்குத் திரும்புவோம். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தேயிலை இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் போர்வை மாதிரி அந்தச் சூட்டைத் திருப்பித் தரும். அது இல்லாதபோது, சுற்றியிருக்கும் காற்று இரண்டு மூன்று பாகையில் இருந்தாலும் இலை மட்டும் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். காற்றிலுள்ள ஈரம் இலைமேல் துகள் பனியாகப் படியும். குளிர்ந்த காற்று பாரமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். பள்ளத்து மலைகள் முதலில் கருகுவது அதனால்தான்.

சுத்தமான தண்ணீர்த் துளி பூச்சியத்துக்குக் கீழே வெகுதூரம் போன பிறகே தானாக உறையும். இலையின் மேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் உடலிலுள்ள புரதம், பூச்சியத்துக்கு இரண்டு பாகை கீழேயே உறைவைத் தொடங்கி வைக்கக்கூடியது. வெளியே தொடங்கும் உறைவு இலையின் துளைகள் வழியாக உள்ளே புகுந்து உயிரணுக்களைச் சிதைக்கும். வெயில் ஏறியதும் கொழுந்து தீயில் வாட்டியது போல் கறுத்துப் போகும்.

சுற்றுலா வருபவர்களுக்கு அது படம் எடுக்க அழகான காட்சி. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அது அரைப்பேர். நிறுவையில் கிலோ குறைந்தால் செக்ரோலில் சம்பளம் குறையும். கருகிய செடி மறுபடி துளிர்த்துக் கொழுந்து தர வாரங்கள் ஆகும். அந்த வாரங்களின் கடைக்கணக்கை யார் கட்டுவது?

தடுக்க வழி இல்லாமல் இல்லை. ஜப்பானின் தேயிலைத் தோட்டங்களில் உயரமான கம்பங்களில் மின்விசிறிகளைப் பார்க்கலாம். மேலே நிற்கும் சற்றுச் சூடான காற்றைக் கீழே தள்ளி, இலையில் பனி படியாமல் காக்கின்றன. தண்ணீர் தெளிப்பதும் உதவும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் தண்ணீர் உறையும்போது சூட்டை வெளிவிடுகிறது. ஒரு லீட்டர் தண்ணீர் உறையும்போது வெளிவிடும் சூடு, அதே அளவு தண்ணீரை 0 பாகையிலிருந்து 80 பாகை வரை சூடாக்கப் போதுமானது. தொடர்ந்து தெளித்தால் இலை பூச்சியத்துக்குக் கீழே இறங்காது. உறைவதற்கு முன் தொடங்கி, பனி உருகும்வரை நிறுத்தாமல் தெளிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிலைமை முன்பை விட மோசமாகும். இவை எதுவும் வசதியில்லாத இடத்தில் நிழல் மரங்கள் இருக்கின்றன. மேலே இலைக்கூரை இருந்தால் அதுவே மேகத்தின் வேலையைச் செய்யும். விறகுக்காக நிழல் மரத்தை வெட்டும்போது, தை மாதத்து விடியற்காலையையும் சேர்த்துத்தான் வெட்டுகிறோம்.

வீட்டுக்குள் ஒரு பாடம்

சிறுவயதில் எங்கள் வீட்டு ஃபிரீஸரில் பனி மதில் மாதிரி ஏறியிருந்தது. உம்மா கத்தியை எடுத்துக் கொத்த ஆரம்பித்தார். வேறு வேலைக்கு வந்திருந்த ஃபிரிஜ் திருத்தும் நானா பதறிப் போனார். "உம்மா, கத்தியெ கீழ வைங்க. பைப்புல ஒரு ஓட்டை விழுந்தா ஃபிரிஜ் முடிஞ்சுது. கரண்ட்டெ நிப்பாட்டி, கதவெ திறந்து, ஒரு சட்டியில சுடுதண்ணி வைங்க. அது தானா விழும்" என்றார். அரை மணி நேரத்தில் பலகை போல முழுசாகக் கழன்று விழுந்தது.

அவர் பௌதிகம் படித்தவர் அல்ல. ஆனால் பனிக்கட்டியும் உலோகமும் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் வந்துவிட்டால் மிச்சத்தை உருக்கத் தேவையில்லை என்பதைக் கையால் அறிந்திருந்தார். இன்றைய ஃபிரிஜ்கள் பலவற்றில் இருப்பது எளிதில் தீப்பற்றும் வாயு. கத்தியைத் தூக்கும் பழக்கம் முன்பை விட இப்போது ஆபத்தானது. ஈரக் கை ஃபிரீஸர் உலோகத்தில் ஒட்டிக்கொண்டாலும் பிய்த்து இழுக்க வேண்டாம், தோல் உரிந்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றினால் அதுவே விடும்.

குளிர்நாட்டில் நம் பிள்ளைகள் விமானத்தில் ஏறிய பிறகு, "இறக்கையைக் கழுவுகிறார்கள், இன்னும் ஒரு மணி நேரம் தாமதம்" என்று செய்தி அனுப்பினால் இங்கே நாம் சலித்துக்கொள்கிறோம். சப்த கன்னி மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படிச் சலித்துக்கொள்ளக் கூடாது. ஹாஜிகளைச் சுமந்து வந்து மலையில் முடிந்த அந்தப் பயணத்துக்கு இன்னொரு முறை சரிபார்க்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. வாஷிங்டனில் அந்த வாய்ப்பு இருந்தும் பயன்படுத்தவில்லை. தாமதமாகும் அந்த ஒரு மணி நேரம், நம் பிள்ளை வீடு வந்து சேர்வதற்காகச் செலவாகும் நேரம்.